தாதி வீட்டுக்கு வரும்போது: பச்சிளம் குழந்தையும் மஞ்சள் காமாலையும்

முதல் 10 நாட்களில் பலமுறையும், பிறகு 20ஆம் நாளிலும், அரசாங்க சுகாதார கிளினிக்கின் தாதி உங்களைப் பார்க்க வருவார்.

எந்த வீட்டில் இருப்பீர்கள்?
பிரசவத்துக்குப் பின் பலர் பத்தியம் காக்கத் தாய் வீட்டுக்குச் செல்கிறார்கள். அந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கிளினிக்கில் முன்கூட்டியே கொடுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தாலும் தெரிவியுங்கள். தாதி வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால், குழந்தையின் பரிசோதனை தவறிவிடும்.

தாதி என்ன செய்வார்?
• குழந்தையின் எடை, தொப்புள், பால் குடிக்கும் விதம், தோலின் நிறம் ஆகியவற்றைப் பார்ப்பார்.
• தாயின் இரத்த அழுத்தம், உதிரப்போக்கு, தையல் காயம் ஆகியவற்றைச் சோதிப்பார். மனச்சோர்வு, அழுகை, தூக்கமின்மை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை ஏன் முக்கியம்?
பல குழந்தைகளுக்கு இது வரும். பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் மஞ்சள் அளவு மிகவும் கூடினால் மூளை பாதிக்கப்படலாம். காது கேளாமல் போகலாம். உரிய நேரத்தில் ஒளி சிகிச்சை அளித்தால் இதைத் தடுக்க முடியும்.

மாநிறமான குழந்தையின் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பாருங்கள். தாதி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் அன்றே செல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை
• ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள்.
• காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. தண்ணீர், குளுக்கோஸ், நாட்டு மருந்து கொடுக்க வேண்டாம்.
• குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தால், துணி அலமாரியில் வைக்கும் பாச்சை உருண்டையை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். அதன் வாடை பட்ட பழைய துணியையும் உடுத்த வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்
• பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால்
• மஞ்சள் கை, கால் வரை பரவினால்
• குழந்தை பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தால்
• காய்ச்சல், வலிப்பு அல்லது வீறிட்ட அழுகை இருந்தால்
• மலம் வெளிறியிருந்தால்

அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டாம். பாட்டி, அப்பா உட்பட வீட்டில் உள்ள அனைவரும் இந்த அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருங்கள்.