முயல் தீனி எடுக்காவிட்டால்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே கூண்டில் பனியன் வேஸ்ட் விரிக்காதீர்கள். கடித்து விழுங்கிய நூல் குடலை அடைத்துவிடும். 12 மணி நேரம் தீனியும் எடுக்காமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வயிறு உப்பியிருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் ஊட்ட வேண்டாம்.

பிள்ளைக்கு வாங்கி மீந்த அமாக்ஸிசிலின் சிரப்பை, பாவம் என்று, புகட்டிவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, முயலே இறந்துபோகும்.

தேறி வரும்போது உலர்ந்த புல்லும் தண்ணீரும் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். பிஸ்கட் வேண்டவே வேண்டாம். கேரட்டைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இரவிலோ விடியலிலோ அது தன் மெத்தென்ற புழுக்கையை வாயால் எடுத்துத் தின்றால் விரட்டாதீர்கள். அதுவும் அதற்குச் சத்துணவுதான்.