ஆங்கில வினையும் அதன் துணையும்



ஆங்கிலத்தில் நாம் தடுமாறுவது பெரும்பாலும் பெரிய சொற்களால் அன்று; ‘டு’, ‘அட்’, ‘ஃபார்’, ‘ஆன்’ போன்ற சிறு சொற்களால்தான். இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் பிழையின்றி எழுதும் மாணவிகூட, பாடம் விளங்காதபோது எழுந்து நின்று, ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்று கேட்டுவிடுகிறாள். பின்வரிசையில் யாரேனும் சிரித்துவிட்டால், மறுநாள் அவள் கேள்வி கேட்க எழுவதே இல்லை. மதிப்பெண் குறைவதைவிட இது பெரிய இழப்பு. ஆகவே இப்பிழை எங்கிருந்து பிறக்கிறது, அதைக் களைவது எப்படி என்று சற்றுக் காண்போம்.

பிழையின் பிறப்பிடம்

தமிழில் பெயர்ச்சொல்லின் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்கிறது. என்னை, எனக்கு, என்னிடம், என்னோடு என்று சொல்லின் வாலைப் பார்த்தே பொருளை அறிகிறோம். ஆங்கிலத்தில் அவ்வேலையைச் சில வேளை சொற்களின் வரிசை செய்கிறது. சில வேளை பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச்சொல் செய்கிறது. எதை எப்போது இடுவது என்பதை முடிவு செய்வது வினைச்சொல்லே.

‘எனக்கு’ என்னும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம்.

எனக்கு அதைக் கொடு — கிவ் இட் டு மீ.
எனக்கு ஒரு பேனா கொடு — கிவ் மீ எ பென்.
எனக்கு அதை வாங்கு — பை இட் ஃபார் மீ.
எனக்குப் பசிக்கிறது — ஐ ஆம் ஹங்ரி.

தமிழில் ஒரே ‘கு’ உருபு. ஆங்கிலத்தில் நான்கு விதம். ‘கிவ் மீ’ சரியென்றால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’யும் சரியாகத்தானே இருக்கவேண்டும் என்று நம் மனம் கணக்கிடுகிறது. கணக்கு முறையானதே, ஆனால் ஆங்கில வழக்கு அதற்கு இடம் தருவதில்லை. எனவே இப்பிழை அறியாமையின் அடையாளம் அன்று. இதற்கு நாணி வாய்மூட வேண்டியதில்லை.

பிரதிப்பெயரின் இரு வடிவங்கள்

ஐ—மீ, ஹீ—ஹிம், ஷீ—ஹெர், வீ—அஸ், தே—தெம் ஆகியவை இரு வடிவம் உடையவை. ‘யூ’, ‘இட்’ இரண்டும் மாறுவதில்லை. எழுவாயாக வரும்போது முதல் வடிவம். வினைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் பின்னால் வரும்போது இரண்டாம் வடிவம்.

‘தி டீச்சர் கால்ட் ரீட்டா அண்ட் ஐ’ என்பது தவறு. ரீட்டாவை நீக்கிப் பாருங்கள்: ‘தி டீச்சர் கால்ட் ஐ’ என்று யாரும் சொல்லமாட்டோம். ஆகவே ‘ரீட்டா அண்ட் மீ’ என்பதே சரி. அவ்வாறே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்றுதான் சொல்லவேண்டும்.

துணை வேண்டாத வினைகள்

சில வினைகள் முன்னிடைச்சொல் இன்றியே ஆளையோ பொருளையோ நேராகப் பற்றும். தமிழ் உருபு நம்மை இங்கே ஏமாற்றும்.

அவளிடம் கேள் — ‘ஆஸ்க் ஹெர்’. ‘ஆஸ்க் டு ஹெர்’ அன்று.
அவளிடம் சொல் — ‘டெல் ஹெர்’. ஆனால் ‘ஸே’ வந்தால் ‘ஸே இட் டு ஹெர்’.
பள்ளிக்குச் சென்று சேர்ந்தோம் — ‘வீ ரீச்ட் தி ஸ்கூல்’. ‘அரைவ்’ வந்தால் மட்டும் ‘அரைவ்ட் அட் தி ஸ்கூல்’.
அதைப் பற்றி விவாதித்தோம் — ‘வீ டிஸ்கஸ்ட் இட்’. ‘அபவுட்’ வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்கு ‘அபவுட்’ ஆகாது. ‘டிஸ்கஷன்’ என்னும் பெயருக்கு ‘அபவுட்’ ஆகும். வினை பெயராக மாறும்போது துணையும் மாறுகிறது.

துணையின்றி நிற்காத வினைகள்

வேறு சில வினைகள் இதற்கு நேர்மாறானவை. ‘என்னைப் பார்’ என்பது ‘லுக் அட் மீ’. ‘நான் சொல்வதைக் கேள்’ என்பது ‘லிஸன் டு மீ’. ‘எனக்காகக் காத்திரு’ என்பது ‘வெய்ட் ஃபார் மீ’. ‘இது எனக்குச் சொந்தம்’ என்பது ‘திஸ் பிலாங்ஸ் டு மீ’. ‘ப்ரே’ என்னும் வினையோ இரு துணைகளை ஏற்கும்: ‘வீ ப்ரே டு காட் ஃபார் ஹெர்’. யாரை நோக்கி வேண்டுகிறோமோ அங்கே ‘டு’. யாருக்காக வேண்டுகிறோமோ அங்கே ‘ஃபார்’.

‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘டிஸ்க்ரைப்’, ‘ஸஜ்ஜெஸ்ட்’ ஆகிய மூன்றுக்கும் ஆள் வரும்போது ‘டு’ தேவை. ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்று நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவோம்.

இடையில் புகும் ‘இட்’

மின்விசிறியை நிறுத்தச் சொல்லும்போது ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ எனலாம். ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் அமரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘பிக் இட் அப்’, ‘புட் இட் ஆன்’, ‘த்ரோ இட் அவே’ எல்லாம் இவ்வகையே. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதே வழக்கு.

சிறு சொல், பெரிய வேறுபாடு

முன்னிடைச்சொல் மாறினால் பொருளே மாறிவிடும். ‘த்ரோ தி பால் டு ஹெர்’ என்றால் அவள் பிடிப்பதற்காக எறிவது. ‘அட் ஹெர்’ என்றால் அவள்மேல் படும்படி எறிவது. ‘ஷௌட் டு ஹெர்’ என்றால் தொலைவில் நிற்பவளுக்குக் கேட்கும்படி கூவுவது. ‘ஷௌட் அட் ஹெர்’ என்றால் சினந்து கத்துவது. ‘லுக் ஃபார் ஹெர்’ என்றால் அவளைத் தேடு. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றால் அவளைக் கவனித்துக்கொள்.

நம் மாணவியருள் பலர் செவிலியராக ஊர்விட்டு ஊர் செல்வார்கள். ஒரு நோயாளியைக் கவனித்துக்கொள்ளும்படி வந்த சொல்லைத் தேடும்படி வந்ததாக எண்ணிவிட்டால் விளைவு என்ன ஆகும்? இலக்கணம் என்பது தேர்வு அறையோடு முடிவதன்று.

கற்கும் வழி

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்டு பாமர், ஏ. எஸ். ஹார்ன்பி ஆகியோர், வேற்றுமொழி மாணவர் திணறுவது இங்கேதான் என்பதைக் கண்டு வினைகளை அமைப்பு வாரியாகப் பிரித்தார்கள். ஹார்ன்பியும் தோழர்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் அச்சாயிற்று. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. 1954-ல் வந்த தம் நூலில் ஹார்ன்பி 25 வினையமைப்புகளை விளக்கினார். அத்தகைய அகராதியில் ஒரு வினையைத் தேடும்போது, பொருளோடு நிறுத்தாமல் கீழேயுள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படிக்கவேண்டும்.

ஒரு குறிப்பேட்டில் நாளுக்கு மூன்று வினைகள் எழுதுவோம். ‘வெய்ட்—காத்திரு’ என்று எழுதாமல் ‘வெய்ட் ஃபார் மீ’ என்று ஆளும் துணையும் சேர எழுதுவோம். பின்பு தோழியோடு அதையே பேசிப் பார்ப்போம். ஒருத்தி பிழை விட்டால் மற்றவள் சிரிக்காமல் திருத்தவேண்டும்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் சிறு சொல் தேவையானால் நிரப்புக:

1. லிஸன் — ஹெர்.
2. ஆஸ்க் — ஹிம்.
3. ஷீ டிஸ்க்ரைப்ட் தி ப்ளேஸ் — அஸ்.
4. வீ டிஸ்கஸ்ட் — தி லெஸன்.
5. டோண்ட் லாஃப் — தெம்.

விடைகள்: 1. டு. 2. தேவையில்லை. 3. டு. 4. தேவையில்லை. 5. அட்.

ஐந்தாவது வாக்கியத்தை இலக்கணத்திற்காக மட்டுமன்றி, வகுப்பில் கடைப்பிடிப்பதற்காகவும் மனத்தில் கொள்வோமாக!