எந்த டௌ?

அன்புள்ள தேன்மொழி,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். 'மூளையில் டௌ புரதம் படிவதைத் தடுத்தல்' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். (உன் அம்மா அதற்குள் 'மறதிக்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறாள்' என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதை விடு.) எந்த டௌ, எந்த நோயில் என்பது மட்டும் திட்டத்தில் எங்கேயும் இல்லை.

அடிப்படை உனக்குத் தெரியும். மரபணு ஒன்றுதான், 17ஆம் குரோமோசோமில். அதன் செய்தி வெட்டி ஒட்டப்படும் விதத்தால் வளர்ந்த மனித மூளையில் ஆறு வடிவங்கள் உண்டாகின்றன. நுண்குழலைப் பற்றிக்கொள்ளும் துண்டு மூன்று முறை வந்தால் ஒரு வகை, நான்கு முறை வந்தால் இன்னொரு வகை. பத்தாவது எக்ஸான் சேருகிறதா, விடுபடுகிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. நம் மூளையில் இரு வகையும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கின்றன.

அந்தச் சமத்தை லேசாக நினைத்துவிடாதே. நடுவயதிலேயே பரம்பரையாக மறதிநோய் தாக்கும் சில குடும்பங்களில், 1998இல் இந்த மரபணுவின் பிறழ்வுகளைக் கண்டுபிடித்தார்கள். சில பிறழ்வுகள் புரதத்தையே மாற்றுகின்றன. 301ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வருவது அப்படிப்பட்டது. வேறு சில ஓர் அமினோ அமிலத்தைக்கூடத் தொடுவதில்லை. பக்கத்து இன்ட்ரானில் இருந்துகொண்டு பத்தாவது எக்ஸானை அதிகமாகச் சேர்க்கவைக்கின்றன, அவ்வளவே. நான்கு முறை வகை கூடுகிறது. ஆள் நோயில் விழுகிறார். புரதத்தில் குறையே இல்லை, விகிதம்தான் கெட்டது! ஆல்சைமரில் டௌ வெறும் பின்விளைவு என்று அலட்சியமாகப் பேசியவர்களை வாயடைத்தது இந்தக் கண்டுபிடிப்புதான். டௌ கெட்டாலே போதும், நியூரான் சாகும்.

நோய்களும் அப்படியே பிரிகின்றன. ஆல்சைமரில் இரு வகையும் படிகின்றன. பிக் நோயில் மூன்று முறை வகை. கண்ணை மேலும் கீழும் அசைக்க விடாமல், ஆளைப் பின்பக்கமாக விழவைக்கும் பி.எஸ்.பி.யில் நான்கு முறை வகை. கார்டிகோபேசல் சிதைவிலும் அதே நான்குதான். ஆனால் 2017 முதல் கேம்பிரிட்ஜில் கோடெர்ட், ஷேரெஸ் இருவரின் குழுக்கள் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தபோது, இந்த இரண்டு நோயிலும் புரதம் மடிந்திருக்கும் விதமே வேறு என்று தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் ஆல்சைமரைப் போலவே இரு வகையும் இருக்கின்றன. மடிப்பு மட்டும் அதுவல்ல.

இனி உன் மேசைக்கு வருவோம். சோதனைக் குழாயில் ஹெப்பாரின் சேர்த்து டௌவை இழையாக்குவேன் என்கிறாய். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அப்படி உண்டாகும் இழைகள் ஆல்சைமர், பிக் நோயாளிகளின் மூளையில் கண்ட இழைகளைப்போல் இல்லை என்று 2019இலேயே காட்டிவிட்டார்கள். அந்த இழையைக் கரைக்கும் மருந்து எந்த நோயாளிக்கு உதவும்? அடுத்தது எலி. வளர்ந்த எலியின் மூளையில் இயல்பாக இருப்பது நான்கு முறை வகை மட்டுமே. அதில் மனிதப் பிறழ்வு ஒன்றைப் புகுத்திவிட்டு 'ஆல்சைமர் எலி' என்று பெயர் சூட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், நீயும் ஒப்புக்கொள்ளாதே.

பி.எஸ்.பி.க்காகச் சோதித்த இரண்டு டௌ எதிர்ப்பொருள்கள் 2019இல் பலனின்றிக் கைவிடப்பட்டன. பெரிய நிறுவனங்களின் பணமே அப்படிப் போனது. உன்னிடம் இருப்பது நான்கைந்து வருடக் காலம். பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி இருக்கிறது. குடும்பங்கள் மனமுவந்து கொடுத்த மூளைகள் அங்கே உள்ளன. உன் வழிகாட்டியிடம் பேசி, எலி வாங்கும் முன் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா