வைகறையும் ஊடலும்

அகப்பொருள் இலக்கணம் உணர்ச்சிக்கு நிலத்தை மட்டும் வகுக்கவில்லை, வேளையையும் வகுத்தது. மாலை முல்லைக்கும், யாமம் குறிஞ்சிக்கும், வைகறையும் விடியலும் மருதத்திற்கும், எற்பாடு நெய்தலுக்கும், நண்பகல் பாலைக்கும் உரியன என்பர் தொல்காப்பியர். காத்திருத்தல், கூடல், ஊடல், இரங்கல், பிரிவு ஆகிய ஐந்தும் ஒரு நாளின் பொழுதுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓர் இல்லத்தில் ஒரே நாளில் இவ்வைந்தும் வந்து போகலாம் என்று கொள்வதில் தவறில்லை.

சான்று தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களால் இயன்றது. ஆறாம் பதிகத்தில் மணக்கனவு. அம்மகிழ்ச்சி ஆறுமுன்னரே, ஏழாவதில் அவள் வெண்சங்கின் பேற்றைக் கண்டு பொறாமை கொள்கிறாள். எட்டாவதில் மேகத்தைத் தூது விடுகிறாள். பதினொன்றில் தன் வளையைக் கவர்ந்தவன் எனக் குறைகூறுகிறாள். பதின்மூன்றில் சினம் எல்லை கடக்கிறது. இவற்றை முரண் என்பாரும் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். சினந்தவளும் தூது விட்டவளும் ஒருத்தியே. அன்பு குறைந்த இடம் என்று ஒரு பாசுரத்தையும் சுட்டவியலாது.

வள்ளுவரோ 1330 குறள்களில் இறுதி முப்பதைப் புலவிக்கும் ஊடலுக்குமே ஒதுக்கினார். தலைவன் தும்மினாலும் ஐயம். தும்மலை அடக்கினாலும் ஐயம். இதனைப் பாடஞ்சொல்லும்போது மாணவர் சிரிப்பர். மணமான ஆசிரியர் எவரும் சிரிப்பதில்லை! புலவியை உணவின் உப்புக்கு ஒப்பிட்டதும் அளவு கருதியே.

மருதத்திற்கு வைகறை ஏன்? பரத்தையர் சேரியில் இரவைக் கழித்த தலைவன் இல்லம் திரும்பும் வேளை அது என்பது வழக்கமான விளக்கம். அதனையே யானும் சொல்லிவந்தேன். ஒருநாள் இராசபாளையத்து மாணவி ஒருவர் எழுந்து, "எங்கள் வீட்டிலும் விடியலில்தான் ஊடல், ஐயா. அப்பா நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வருவார். அம்மா அப்போதுதான் எழுந்திருப்பார். அவருக்குப் பேசவேண்டும்; இவருக்கு உறங்கவேண்டும். பகல் ஷிப்டு வாரத்தில் சண்டையே இராது" என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. பரத்தை இல்லை, குற்றம் இல்லை. இருவர் பொழுதும் பொருந்தவில்லை, அவ்வளவே. உரைநூல்களில் யான் காணாத விளக்கம் அது.

ஆண்டிறுதியில் அம்மாணவியைக் கேட்டேன். இப்போது அம்மா விடியலில் எதுவும் கேட்பதில்லையாம். கடன், கல்லூரிக் கட்டணம் எல்லாம் அப்பா உறங்கி எழுந்தபின், தேநீருடன், பொழுது சாயும் வேளையில்தானாம். எற்பாடு இரங்கலுக்குரியது என்று நூல் சொல்லினும், அவ்வீட்டில் அது கணக்குப் பேசும் நேரமாயிற்று.