தண்ணீர்த் தடை நாளில் குடிநீரைக் குறைக்காதீர்கள்

பினாங்கின் குழாய் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கே வால்வு மாற்றும் வேலைக்காக 2024 ஜனவரி 10 முதல் பல இடங்களில் குழாய் வறண்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

அதுபோன்ற நாளில், கழிப்பறைக்கு அடிக்கடி போகவேண்டாம் என்று மூத்தவர்கள் சிலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். வயது ஏறினால் தாகம் சரியாகத் தெரியாது. நீர் குறைந்தால் தலைசுற்றும், மலச்சிக்கல் வரும், எழும்போது விழவும் கூடும். பழைய ஃபிளஷ் தொட்டி ஒருமுறைக்கே 9 லிட்டர் வரை இழுக்கும். நீங்கள் நாள் முழுக்கக் குடிப்பது அதில் கால்பங்குதான். மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் கழிப்பறை. துணி அலசிய நீரை அங்கே ஊற்றுங்கள். (இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவிலேயே குடிக்கவேண்டும்.)

பிபிஏ அறிவிப்பு வந்ததும் குடிக்கவும் மருந்து விழுங்கவும் வேண்டிய நீரைத் தனியாக மூடி வையுங்கள். வாளியை நிறைத்துத் தூக்காதீர்கள், பாதி போதும். திறந்த வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கி வரும். முட்டை வாளியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும்.

குழாயில் மறுபடி வரும் முதல் நீர் கலங்கலாக இருந்தால் செடிக்கு ஊற்றுங்கள்; தெளிந்தபின் குடிக்கப் பிடியுங்கள்.