வளர்க்கக் கற்றுக்கொடுத்தோம், விற்கக் கற்றுக்கொடுப்போமா?

ஆடு, மாடு வளர்ப்புக்கு நம் மாநிலத்தில் பயிற்சிக்குக் குறைவில்லை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, பசுந்தீவனம், கொட்டகை அமைப்பு என்று முறையாகப் பாடம் நடத்துகின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 4 ஆடுகள் வழங்கப்பட்டன. நம் ஜமாஅத்துகளிலும் கணவரை இழந்த பெண்களுக்கு ஆடு வாங்கிக் கொடுத்து உதவுவோர் இருக்கிறார்கள்.

ஆனால் வளர்ந்த ஆட்டை விற்கும் நாளில் அந்தப் பெண்ணுக்குத் துணை யாரும் இல்லை. வாசலுக்கு வரும் வியாபாரி முதுகைத் தடவிப் பார்த்துச் சொல்வதே விலை. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ நெருக்கினால் அதையும் பேசிப் பார்க்க முடியாது. ஒரு வருட உழைப்பின் பலன் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

ஆகவே இந்தப் பாடம், வளர்ப்பவருக்குச் சொல்லித் தருபவர்களுக்கானது. பயிற்சி மைய ஆசிரியர், கால்நடை ஆய்வாளர், மகளிர் குழுப் பொறுப்பாளர், மஹல்லா நலப்பணியாளர் ஆகியோர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

1. பயிற்றுநர் சந்தைக்குப் போக வேண்டும்

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமையும் எட்டயபுரத்தில் சனிக்கிழமையும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. இதுபோல உங்கள் பகுதிச் சந்தைக்கு, வாங்கவும் விற்கவும் இல்லாமல், மூன்று வாரம் விடியற்காலையில் போய் நில்லுங்கள். கறிக்கடைக்காரர் எந்த ஆட்டைத் தேடுகிறார்? வளர்ப்புக்கு வாங்குபவர் எதைப் பார்க்கிறார்? தரகு எவ்வளவு? சுங்கம் எவ்வளவு? எத்தனை மணிக்கு விலை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது? எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இன்னும் சில சந்தைகளில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட அந்த விலை தெரியாது. அதனால்தான் பயிற்றுநர் நேரில் போய் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தைக்குச் சரக்கு கொண்டு வருவோரை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகளார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சந்தை விலை தெரியாதவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். விற்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி, அதிகம் கறக்கும் ஆடு என்று காட்டி விற்பதும் தடுக்கப்பட்டதே. விலையை அறிந்து விற்பதும் குறையை மறைக்காமல் விற்பதும் சேர்ந்ததே நேர்மையான வியாபாரம். பயிற்சியில் இரண்டையும் சொல்ல வேண்டும்.

2. எடை தெரியாமல் பேரம் இல்லை

தராசு இல்லாத வீட்டிலும் தையல் டேப் இருக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளத்தை அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும்.

சுற்றளவு 26 அங்குலம், நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 26 × 26 × 24 = 16,224. அதை 660-ஆல் வகுத்தால் 24.6 கிலோ. மேய்ச்சலுக்கு விடும் முன் காலையில் அளப்பது நல்லது. சினை ஆட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்றையும் விளக்க வேண்டும். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறி தேறும். கடையில் கறி கிலோ என்ன விலையோ அதே விலையை உயிர் எடைக்கு எதிர்பார்த்தால் பேரம் முறிந்துவிடும்.

3. கையில் நிற்கும் தொகை எவ்வளவு?

கணக்குக்காகச் சில தொகைகளைச் சொல்கிறோம்; உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 25 கிலோ ஆட்டுக்கு வாசலில் 8,000 ரூபாய் கேட்கிறார்கள். சந்தையில் 10,000 ரூபாய் கிடைக்கும். ஒருவர் தனியாகப் போனால் வண்டி வாடகை 800, இழக்கும் நாள் கூலி 500, தரகும் சுங்கமும் 300, மொத்தம் 1,600. கையில் நிற்பது 8,400. அலைச்சலுக்கு 400 ரூபாய்தான் மிச்சம்.

இதையே ஐந்து பேர் சேர்ந்து செய்தால்? ஐந்து ஆடுகளும் ஒரே வண்டியில், இரண்டு பேர் மட்டும் உடன் போகிறார்கள். வண்டிக்கு ஆளுக்கு 160, இருவரின் கூலியைப் பகிர்ந்தால் ஆளுக்கு 200, தரகும் சுங்கமும் 300, மொத்தம் 660. கையில் நிற்பது 9,340. வாசல் விலையைவிட 1,340 ரூபாய் கூடுதல். "சந்தைக்குப் போங்கள்" என்று சொல்வது மட்டும் போதாது; சேர்ந்து போகும் ஏற்பாட்டையும் செய்து கொடுக்க வேண்டும்.

4. வாங்குபவரின் காலம்

ஹஜ்ஜுப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாள் முன்னால் வருகிறது. குர்பானிக்கு ஹனஃபி மத்ஹபினர் 1 வயது நிறைந்த வெள்ளாட்டையும், ஷாஃபி மத்ஹபினர் 2 வயது நிறைந்ததையும் தேடுவார்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் 5 மாதம். அப்படியானால் 1 வயது கிடாய்க்குப் பெருநாளுக்கு 17 மாதம் முன்பும், 2 வயதுக்கு 29 மாதம் முன்பும் தாய் ஆடு சினைப்பட்டிருக்க வேண்டும். கண் பார்வையற்றது, நொண்டி, நோயுற்றது, மெலிந்து நலிந்தது ஆகியவை குர்பானிக்கு ஆகாது. பிறந்த தேதியை எழுதி வைத்திருப்பவரிடம் வாங்குபவர் நம்பிக்கையோடு வருவார். பல்லைப் பார்த்து வாதாட வேண்டியதில்லை.

5. பாலுக்கும் கணக்கு உண்டு

"நெய் எடுத்து விற்றால் லாபம்" என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. 4 சதவீதம் கொழுப்புள்ள பாலில் ஒரு கிலோ நெய் எடுக்கக் குறைந்தது 25 லிட்டர் வேண்டும். பாலாகவே லிட்டர் 40 ரூபாய்க்குப் போகுமானால், அந்த நெய்க்கு 1,000 ரூபாய்ப் பால் செலவாகியிருக்கிறது. விறகும் உழைப்பும் தனி. மோருக்கும் வாங்குபவர் இருந்தால்தான் நெய் லாபம் தரும். நெய், பன்னீர், கறி போன்றவற்றை விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். கறிக்கு உள்ளாட்சி அனுமதித்த அறுப்புக்கூடமும் வேண்டும். இதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

6. நடித்துப் பழகட்டும்

விற்பனைப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்த முடியாது. வகுப்பில் ஒருவர் வியாபாரியாகவும் ஒருவர் விற்பவராகவும் பேசிப் பழக வேண்டும்.

"என்ன தாயி, ஆடு எலும்பும் தோலுமா இருக்கு. எட்டாயிரம் வாங்கிக்க."

"காலையில அளந்து பாத்தேன் அண்ணே, இருபத்தஞ்சு கிலோ கிட்ட வருது. கிலோவுக்கு எவ்வளவு தர்றீங்க, அதச் சொல்லுங்க."

இந்தப் பதில் ஒன்று வாயில் வந்துவிட்டால் பேரத்தின் போக்கே மாறும். பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களில் கிராமப் பெண்களே 'பசு சகி', அதாவது கால்நடைத் தோழி, என்ற பெயரில் பயிற்சி பெற்று அண்டை வீட்டாருக்கு ஆடு வளர்ப்பில் வழிகாட்டுகிறார்கள். தன் ஊர்ப் பெண் சொல்வதை மற்றப் பெண்கள் தயங்காமல் கேட்கிறார்கள்.

பயிற்சி முடித்த பயிற்றுநருக்குத் தேர்வும் இதுவாகவே இருக்கட்டும்: ஐந்து வளர்ப்பாளர்களோடு ஒரு சந்தை நாளுக்குப் போய் வந்து, வாசல் விலை, சந்தை விலை, செலவு, கையில் நின்ற தொகை ஆகியவற்றை எழுதிக் காட்ட வேண்டும்.

நம் மஹல்லாக்களில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆட்டை எடை போடும் தொங்கு தராசு ஒன்றை வாங்கி, எல்லோரும் வந்து போகும் பொது இடத்தில் மாட்டி வையுங்கள். அதன் அருகே அந்த வாரச் சந்தை விலையை எழுதிப் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எந்த மதத்தவர் ஆடு கொண்டு வந்தாலும் இலவசமாக எடை போட்டுக் கொடுங்கள். ஆடு வாங்கிக் கொடுக்கும் உதவி அப்போதுதான் முழுமையாகும்.