குட்டி யானைக்கு என்ன விலை?

கேள்வி: ஆறு வருஷம் ஓடிய டாடா ஏஸ் வாங்க உத்தேசம். நியாயமான விலை எது? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: 2005-இல் அறிமுகமாகி, ‘குட்டி யானை’ என்று ஜனங்களால் நாமகரணம் செய்யப்பெற்ற அவ்வண்டிக்கு, இன்ஷூரன்ஸ் கணக்கில் ஐந்தாம் வருஷத்திலேயே பாதி மதிப்பு கழிந்து, அப்பால் இருதரப்பும் பேசி முடிப்பதே விலையாகிவிடுவதால், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அதே வருஷத்து வண்டிகள் நாலைந்தை விசாரித்து, நடுத்தரமான தொகையைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து டயர், பேட்டரி, எஃப்.சி. செலவுகளைக் கழியுங்கள். தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான் சுமந்த வண்டியானால், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகிக் கிடக்கும், குனிந்து பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் எனக்குச் சந்தேகமே மிஞ்சும். ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.